காப்பீட்டு அட்டையோடு ஐசியு தேடுவது எப்படி? தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இதைப் படிக்கும்போதே வீட்டில் யாருக்காவது மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, நினைவு தவறுதல் என்று ஏதாவது இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். அட்டையையும் ரேஷன் கார்டையும் இன்னொருவர் பின்னால் எடுத்து வரட்டும். மற்றவர்கள் நிதானமாகப் படிக்கலாம்.

என் அப்பா பதினோரு நாள் ஐசியுவில் இருந்தார். முதல் இரண்டு நாள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இல்லாத ஒரு தனியார் மருத்துவமனையில். பீரோவில் காப்பீட்டு அட்டை இருந்தது, நாங்கள் வெளியே நகையை அடகு வைத்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு நாள் பணம் திரும்ப வரவே இல்லை. அதற்குப் பிறகு தெருவிலும் உறவிலும் யார் கூப்பிட்டாலும் கூடப் போய் நிற்கிறேன். பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடங்கள் ஒன்றேதான்: செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள், வரிசை மாறிச் செய்கிறார்கள். அதனால் வரிசையைத்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

1. முதலில், கையில் இருப்பது எந்தக் காப்பீடு என்று பாருங்கள்

"எங்ககிட்ட கவர்மென்ட் கார்டு இருக்கு" என்று சொல்பவர்களிடம் நான்கு வெவ்வேறு அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனைப் பட்டியல் வேறு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் நம்மில் பலரிடம் இருப்பது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. 2018 செப்டம்பர் முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு சேர்ந்தே நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிப்பவர்களுக்கு வழி வேறு. முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கிருந்து ரெஃபரல். அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனியாக ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அதற்குத் தனிப் பட்டியல். மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். என்ற தனித் திட்டம்.

ஓர் அட்டையின் பட்டியலைப் பார்த்துவிட்டு இன்னோர் அட்டையோடு போய் நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு. மருத்துவமனைக்குப் போன் செய்யும்போது "இன்சூரன்ஸ் எடுப்பீங்களா" என்று கேட்காமல் திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இனி வரும் பகுதிகள் எல்லாம் முதல்வர் காப்பீட்டை வைத்தே எழுதியவை.

2. அட்டை உயிரோடு இருக்கிறதா?

அட்டை இருக்கிறது என்பதும் அது இன்றைக்கு வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு. பழைய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மருமகளின் பெயர் இருக்காது, பேரனின் பெயர் இருக்காது, அல்லது ஆதாரில் ஓர் எழுத்தும் அட்டையில் ஓர் எழுத்துமாக இருக்கும்.

திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. அழைத்து அட்டை எண்ணையோ ரேஷன் கார்டு எண்ணையோ சொல்லி மூன்று விஷயம் கேளுங்கள்: அட்டை நடப்பில் இருக்கிறதா, யார் யார் பெயர் இருக்கிறது, இந்த ஆண்டுக்கு எவ்வளவு தொகை மீதி இருக்கிறது. மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. 5 லட்சம் ஆளுக்கு ஆள் தனியாகக் கிடையாது, குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான். அண்ணனுக்குச் சித்திரையில் இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அம்மாவுக்குக் கார்த்திகையில் மிச்சம் எவ்வளவு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அட்டையே இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே படமும் கைரேகையும் எடுப்பார்கள். நோய் வந்த பிறகு இதைச் செய்ய முடியாது என்பதில்லை. ஆனால் நோயாளி ஐசியுவில் படுத்திருக்கும்போது ஒருவர் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைவது பெரிய கொடுமை. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு கவர் போடுங்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, குடும்பத்தார் எல்லோருடைய ஆதார், எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று நகல். கூடவே ஒரு தாளில் நோயாளியின் பழைய நோய்கள், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, ரத்த வகை. இந்தத் தாள் காப்பீட்டுக்கு இல்லை, ஐசியு மருத்துவருக்கு. சர்க்கரை நோயாளி என்றோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றோ அவருக்கு முதல் பத்து நிமிடத்தில் தெரிவது சிகிச்சையையே மாற்றும்.

3. மருத்துவரைத் தேடாதீர்கள், மருத்துவமனையையும் துறையையும் தேடுங்கள்

இதுதான் ஆரம்பத்திலேயே பலரும் தவறவிடும் இடம். "முதல்வர் காப்பீடு எடுக்கிற நல்ல ஐசியு டாக்டர் யாராவது தெரியுமா?" என்று கேட்கிறார்கள். இந்தத் திட்டத்தில் தனி மருத்துவர் யாரும் காப்பீட்டை ஏற்பதில்லை, மருத்துவமனைதான் ஏற்கிறது. அந்த மருத்துவர் காலையில் ஒரு மருத்துவமனையிலும் மாலையில் வேறொன்றிலும் பார்ப்பவராக இருக்கலாம். ஒன்று திட்டத்தில் இருக்கும், இன்னொன்று இருக்காது. அவர் பெயரை நம்பி மாலையில் பார்க்கும் இடத்தில் சேர்த்துவிட்டால் முழுப் பணமும் கையிலிருந்துதான்.

அதைவிட நுட்பமான விஷயம் ஒன்று இருக்கிறது. மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் அங்குள்ள எல்லாத் துறைகளும் திட்டத்தில் இருப்பதாக அர்த்தமில்லை. ஒரு மருத்துவமனை டயாலிசிஸுக்கும் எலும்பு அறுவை சிகிச்சைக்கும் மட்டும் சேர்ந்திருக்கும். வாசலில் திட்டத்தின் பலகை பெரிதாகத் தொங்கும். நிமோனியா முற்றி மூச்சு விட முடியாத ஆளை அங்கே கொண்டுபோனால் "இந்த நோய்க்கு எங்களுக்கு அப்ரூவல் இல்லைங்க" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் போதவில்லை. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருப்பதும் உண்டு.

ஆகவே தேட வேண்டியது மூன்றும் சேர்ந்த இடம்: திட்டத்தில் உள்ள மருத்துவமனை, நமக்குத் தேவையான துறைக்கு அனுமதி, அந்தத் துறைக்கு ஏற்ற ஐசியு. திட்டத்தின் இணையதளத்தில் மாவட்ட வாரியாக மருத்துவமனைப் பட்டியல் இருக்கிறது. அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் மருத்துவமனைகள் சேர்வதும் விலகுவதும் நடந்துகொண்டே இருக்கும். கடைசி உறுதி போனில்தான்.

4. எந்த ஐசியு?

ஐசியு என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம், உள்ளே பல வகை. மாரடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்றால் இதய ஐசியு, ஐ.சி.சி.யு. என்பார்கள். நிமோனியா, கிருமித்தொற்று ரத்தத்தில் பரவுதல், விஷம், பாம்புக்கடி போன்றவற்றுக்குப் பொது மருத்துவ ஐசியு. அரசு மருத்துவமனைகளில் இதை ஐ.எம்.சி.யு. என்று அழைப்பார்கள். தலைக்காயம், மூளை ரத்தக்கசிவு என்றால் நரம்பியல் வசதி உள்ள இடம். குழந்தைகளுக்குத் தனி, பச்சிளம் சிசுக்களுக்குத் தனி.

பெரியவர்கள் ஐசியுவில் இடம் இருக்கிறது என்பதற்காக ஆறு மாதக் குழந்தையை அங்கே கொண்டுபோகாதீர்கள். வென்டிலேட்டர் குழாயின் அளவு முதல் மருந்தின் அளவு வரை எல்லாம் மாறும்.

5. மூன்று இடங்களுக்குப் போன் செய்து ஒரு சிறு பட்டியல் எழுதுங்கள்

இதை நோயில்லாத நாளில் செய்ய வேண்டும். குறிப்பாக வீட்டில் வயதானவர்கள், இதய நோயாளி, சிறுநீரக நோயாளி, ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

பட்டியலில் முதல் இடம் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அடுத்த இரண்டு இடங்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு.

வரவேற்பில் பேசுபவரிடம் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "முதல்வர் காப்பீட்டுத் திட்டம் பார்க்கிறவரிடம் கொடுங்கள்" என்று கேளுங்கள். திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் அதற்கென ஓர் ஆள் இருப்பார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இப்படி இருக்கட்டும்:

"நிமோனியாவில் வென்டிலேட்டர் தேவைப்படுகிற பெரியவரை முதல்வர் காப்பீட்டில் ஐசியுவில் சேர்ப்பீர்களா? இரவில், ஞாயிற்றுக்கிழமையில் வந்தாலும் சேர்ப்பீர்களா?"

நிமோனியா இருக்கும் இடத்தில் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் நோயைப் போட்டுக்கொள்ளுங்கள். "காப்பீடு எடுப்பீங்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நோயையும் வென்டிலேட்டரையும் நேரத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் உண்மையான பதில் வரும். இரவு நேரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: காப்பீட்டு மேசை பகலில் மட்டும் இயங்கும் இடங்கள் இருக்கின்றன. இரவில் சேர்பவரிடம் முன்பணம் வாங்கி வைத்துவிட்டு "காலையில பார்த்துக்கலாம்" என்பார்கள்.

பதிலைத் தேதியோடு, பேசியவர் பெயரோடு எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி கேளுங்கள்.

6. மருத்துவரைப் பற்றி இப்போது கேளுங்கள்

இடம் முடிவான பிறகுதான் மருத்துவரைப் பற்றிய கேள்வி. இங்கே அது முக்கியமான கேள்வி, தயங்காதீர்கள்.

தீவிர சிகிச்சை தனி ஒரு படிப்பு. டி.எம். அல்லது டி.ஆர்.என்.பி. என்னும் மேற்பட்டங்களில் தீவிர சிகிச்சை மருத்துவம் படித்தவர்களும், மயக்கவியலோ பொது மருத்துவமோ முடித்துவிட்டுத் தீவிர சிகிச்சையில் பட்டயப் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். பல ஊர்களில் ஐசியுவை நடத்துவது அனுபவமுள்ள மயக்கவியல் மருத்துவர்தான். அது குறை இல்லை. மூச்சுக்குழாய் போடுவதும் வென்டிலேட்டரைக் கையாளுவதும் அவர்களுக்கு அன்றாட வேலை.

பெயர்ப்பலகையில் உள்ள பட்டங்களைவிட நான் முக்கியமாகக் கேட்பது இது: "இரவு இரண்டு மணிக்கு ஐசியுவுக்குள்ளேயே மருத்துவர் இருப்பாரா, அல்லது போன் செய்தால் வருவாரா?" பெரிய பெயருள்ள நிபுணர் காலையில் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும் இடத்தைவிட, இளையவராக இருந்தாலும் பயிற்சி பெற்ற ஒருவர் இரவெல்லாம் உள்ளேயே இருக்கும் இடம் பாதுகாப்பானது. ஐசியு நோயாளியின் நிலை நிமிடங்களில் மாறும்.

இதோடு இன்னும் சில கேள்விகள். ஒரு செவிலியர் எத்தனை வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்க்கிறார்? ரத்த வாயுப் பரிசோதனை உள்ளேயே நடக்குமா? படுக்கையிலேயே டயாலிசிஸ் செய்ய முடியுமா? சி.டி. ஸ்கேன் அதே வளாகத்தில் இருக்கிறதா? வென்டிலேட்டரில் உள்ளவரை ஸ்கேனுக்காக ஆம்புலன்ஸில் ஏற்றி வெளியே கொண்டுபோவது ஆபத்து, அதனால்தான் கடைசிக் கேள்வி.

7. அரசு மருத்துவமனையைக் கடைசி வழியாக நினைக்காதீர்கள்

பணமெல்லாம் தீர்ந்த பிறகு, நிலைமை கைமீறிய பிறகு, அரசு மருத்துவமனைக்கு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு உடைந்துபோகிறது. முதல் நாளே வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று அங்குள்ள மருத்துவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பாம்புக்கடி, பூச்சிமருந்து, எலி பேஸ்ட், பெரிய விபத்து, தீக்காயம் ஆகியவற்றில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகளைப் பல தனியார் மருத்துவமனைகள் ஒரு மாதத்திலும் பார்ப்பதில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்றவற்றில் பெரும்பாலான துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. கிண்டியில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை இன்னொன்று.

அங்கே அவசரப் பிரிவில் நோயின் கடுமையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்பு என்றால் உடனே. பச்சையில் உட்காரவைத்தார்கள் என்று கோபப்பட வேண்டாம். பக்கத்தில் ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை கட்டாயமில்லை. ஆனாலும் அட்டையைக் கொடுங்கள். காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்கு வந்து மருந்துக்கும் கருவிக்கும் பயன்படும். படுக்கை நிரம்பி வழிவதும், கூட இருப்பவர்களுக்கு வசதி குறைவு என்பதும் உண்மை. அதைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுங்கள்.

8. அவசரம் வந்துவிட்டது: என்ன வரிசையில் செய்வது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நோயாளியோடு, ஒருவர் கவரோடு. ஒரே ஆள் இரண்டையும் செய்யப்போய் மருத்துவர் தேடும்போது மேசையிலும், மேசை கூப்பிடும்போது ஐசியு வாசலிலும் நின்று தவிப்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

முதலில் உயிர். 108-ஐ அழைத்தவுடன் நோயின் அறிகுறியைத் தெளிவாகச் சொல்லுங்கள், "வென்டிலேட்டர் உள்ள வண்டி தேவைப்படலாம்" என்றால் அதையும் சேர்த்து. பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை விழுதல், பேச்சுக் குழறல் எல்லாம் எத்தனை மணிக்குத் தொடங்கின என்று பார்த்து வையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் எல்லை. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

இரண்டாவது, அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவமனையும் பணத்துக்காக மறுக்கக்கூடாது. உயிரைக் காக்கும் முதல் சிகிச்சையைக் கொடுப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நெஞ்சுவலியோடு துடிப்பவரைத் திட்டத்தில் உள்ள மருத்துவமனை நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது என்று அங்கேதான் கொண்டுபோவேன் என நிற்காதீர்கள். அருகில் இருப்பதில் முதல் சிகிச்சை, நிலை சற்றுச் சீரானதும் மாற்றம்.

மூன்றாவது, சாலை விபத்து என்றால் கணக்கே வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை தேவையில்லை, வருமான வரம்பு இல்லை, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். விபத்தில் ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்குங்கள். காவல் நிலையம், நஷ்டஈடு என்று பின்னால் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 48 மணி நேரம் முடிவதற்குள்ளேயே அடுத்து முதல்வர் காப்பீட்டில் தொடர்வதா, அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதா என்று முடிவெடுங்கள்.

நான்காவது, நோயாளி அவசரப் பிரிவுக்குள் போன உடனே கவரோடு இருப்பவர் காப்பீட்டு மேசைக்குப் போக வேண்டும். பணம் கட்டும் கவுன்டருக்கு முன்பாகவே. ஏன் இந்த வரிசை? சேர்க்கைப் படிவத்தில் பணம் கட்டும் நோயாளி என்று பதிவாகிவிட்டால் அதைக் காப்பீட்டுக்கு மாற்றுவது பெரும் போராட்டம். இந்தத் திட்டம் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் தருவது. நாம் கட்டிவிட்டுப் பில்லைக் காட்டித் திரும்ப வாங்கும் ஏற்பாடு கிடையாது. எங்கள் வீட்டில் போனது அந்த இரண்டு நாள் பணம்தான்.

9. ஒப்புதல் வரும் வரை

சேர்த்த பிறகு மருத்துவமனை நோயாளியின் விவரத்தையும் பரிசோதனை முடிவுகளையும் இணையம் வழியாக அனுப்பி முன் ஒப்புதல் கேட்கும். "அப்ரூவல் போட்டிருக்கு" என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அவசர நேரத்தில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு ஒப்புதலைப் பின்னால் வாங்க வழி இருக்கிறது. ஆகவே "அப்ரூவல் வந்தாதான் ஊசி" என்று யாராவது சொன்னால் கட்டணமில்லா எண்ணை அங்கே நின்றபடியே அழையுங்கள்.

ஒப்புதல் தாமதமாவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்கள்தான். ஒரு ஸ்கேன் படம் சேர்க்கவில்லை, பெயர் எழுத்து பொருந்தவில்லை, ரேஷன் கார்டு நகல் மங்கல். காப்பீட்டுத் தரப்பிலிருந்து விளக்கம் கேட்டிருப்பார்கள், மருத்துவமனை பதில் அனுப்பியிருக்காது. தினமும் காலை பத்து மணிக்கு மேசைக்குப் போய் "ஏதாவது க்வெரி வந்திருக்கா?" என்று கேளுங்கள். கேட்கிற குடும்பத்தின் கோப்பு நகரும்.

ஐசியுவில் நாள் நீளும்போது கூடுதல் ஒப்புதல் தேவைப்படும். முதல் ஒப்புதல் வந்ததும் நிம்மதியாகிவிட்டு அடுத்ததை மறந்துவிடுகிறார்கள். "எத்தனை நாளுக்கு வந்திருக்கிறது? அடுத்தது எப்போது அனுப்ப வேண்டும்?" என்று அன்றே கேட்டுக் கவரின் மேலேயே எழுதிவையுங்கள்.

10. "இது காப்பீட்டில் வராது" என்று பணம் கேட்டால்

சிகிச்சைக்கான தொகுப்புத் தொகையில் படுக்கை, மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை, உணவு எல்லாம் அடக்கம். அப்படியிருந்தும் "இந்த ஆன்டிபயாடிக் மட்டும் வெளியில வாங்கிட்டு வாங்க" என்று சீட்டு வரும். நள்ளிரவில் கையில் சீட்டோடு நிற்பவரால் சட்டம் பேச முடியாது, எனக்குத் தெரியும். மருந்து உடனே வேண்டுமென்றால் வாங்கிக் கொடுங்கள். ஆனால் சீட்டைப் போனில் படமெடுங்கள், கடை பில்லை வாங்கிக் கவரில் போடுங்கள்.

காலையில் மேசைக்குப் போய்ச் சத்தம் போடாமல் ஒன்று கேளுங்கள்: "எதற்காக இந்தப் பணம், தொகுப்பில் ஏன் வராது என்று எழுதிக் கொடுங்கள்." சில கோரிக்கைகள் அந்த இடத்திலேயே காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். நியாயமான காரணம் இருந்தால் எழுதித் தருவார்கள்.

தீரவில்லை என்றால் 1800 425 3993-இல் புகார் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். அடுத்து மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். நோயாளி உள்ளே இருக்கும்போது புகார் செய்தால் கவனிப்பு குறையுமோ என்று எல்லோருக்கும் பயம். அந்தப் பயம் புரிகிறது. நான் பார்த்தவரை, மரியாதையாக, எழுத்தில், ஒரே ஆள் தொடர்ந்து பேசினால் பிரச்சினை வரவில்லை. ஐந்தாறு உறவினர் கூடி ஐசியு வாசலில் சண்டை போட்ட இடங்களில்தான் எல்லாம் கெட்டது.

11. வேறு மருத்துவமனைக்கு மாற்றுவது

பணம் தீர்ந்தோ நோய் முற்றியோ மாற்ற வேண்டி வரும். இங்கேதான் உயிர்கள் போகின்றன, ஆகவே அவசரப்படாதீர்கள்.

போகும் இடத்தில் படுக்கையும் வென்டிலேட்டரும் இருக்கின்றன என்று உறுதியான பிறகே நோயாளியை அசையுங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஏற்றிவிட்டு மூன்று மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் நின்ற கதை எனக்கு நேரில் தெரியும். இங்குள்ள மருத்துவரையே அங்குள்ள மருத்துவரிடம் போனில் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பத்து நிமிடத்தில் விளக்குவதை அவர்கள் ஒரு நிமிடத்தில் பேசிக்கொள்வார்கள்.

ரெஃபரல் கடிதம், இதுவரை கொடுத்த மருந்துகளின் விவரம், ஸ்கேன் படங்கள், கடைசி ரத்தப் பரிசோதனைகள் கையில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் வென்டிலேட்டரும் அதைக் கையாளத் தெரிந்தவரும் இருக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் பயண நேரத்தைத் தாண்டி வருமா என்று கேளுங்கள்.

மருத்துவர் அறிவுரைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்று கையெழுத்துக் கேட்டால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் போடாதீர்கள். மருத்துவமனையே வேறு இடத்துக்கு அனுப்புகிறது என்றால் அது ரெஃபரல். நாமாக அழைத்துப் போகிறோம் என்று பதிவாகக் கூடாது. முதல் மருத்துவமனையில் காப்பீட்டு ஒப்புதல் ஏற்கெனவே இருந்தால், அதை முடித்து வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே திறந்தே கிடந்தால் போகும் இடத்தில் புதிய ஒப்புதல் வாங்குவது சிக்கலாகும்.

12. வீட்டுக்குக் கிளம்பும் நாள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், வென்டிலேட்டரில் இருந்த நாட்கள், வீட்டு மருந்துகள், மறுபடி வர வேண்டிய தேதி இருக்கின்றனவா என்று பாருங்கள். படிவங்களில் கையெழுத்துக் கேட்பார்கள். வெற்றுத் தாளில் போட வேண்டாம். பணம் எதுவும் வாங்கவில்லை என்று எழுதியிருந்து நீங்கள் கட்டியிருந்தால், அதைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.

காப்பீட்டிலிருந்து எவ்வளவு தொகை எடுத்தார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டில் இன்னும் மீதி எவ்வளவு என்பது அதிலிருந்துதான் தெரியும்.

ஐசியுவிலிருந்து வந்தவர் பல வாரம் தளர்ந்தே இருப்பார். சிலருக்குத் தூக்கம் கெடும், சிலருக்குக் குழப்பமான நினைவுகள் வரும். அப்பா ஒரு மாதம் வரை இரவில் எழுந்து "அந்த மெஷின் சத்தம் நின்னுடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுபரிசோதனைக்குப் போகும்போது இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கவரில் உள்ள மருந்துத் தாளைப் புதிதாக எழுதி, நகல்களை நிரப்பி, பழைய இடத்திலேயே வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.